பிரதேச செயலகத்தில் எந்த மேசை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டில் மிளகாய்த்தூள், கறிச்சரக்குத்தூள், வறுத்த அரிசிமா செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். மாதம் 60, 70 கிலோ போகிறது. சுயதொழிலுக்கு அரசாங்கம் மெஷின் கொடுக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். எங்கே போய்க் கேட்பது?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: மெஷின் கடைசியில் வரட்டும். பதிவும் பழைய விற்பனைக் கணக்கும் இல்லாத ஒருவருக்கு உபகரணம் கொடுக்க எந்த உத்தியோகத்தரும் தயங்குவார். கொடுத்த மெஷின் ஆறு மாதத்தில் துணி போட்டு மூடிக் கிடந்தால் கணக்காய்வில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்குள் வருகிறது. கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, புறக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கொழும்புப் பிரதேச செயலகம். செயலகத்துக்குப் போகுமுன் உங்கள் கிராம உத்தியோகத்தரைப் பாருங்கள். வதிவிடத்தையும் தொழில் நடக்கும் இடத்தையும் அவர் உறுதிப்படுத்தாமல் மேலே எந்தக் கோப்பும் நகராது. வாக்காளர் இடாப்பில் ஊர் முகவரியை வைத்துக்கொண்டு கொழும்பில் வாடகைக்கு இருப்பவர்கள் இந்த முதல் படியிலேயே இடறுகிறார்கள். நீங்களும் அப்படியென்றால் வாடகை ஒப்பந்தம், மின் பட்டியல், பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம் என்று கைவசம் இருப்பதையெல்லாம் கொண்டு போங்கள்.

அடுத்து வியாபாரப் பெயர்ப் பதிவு. இது மாகாண சபையின் கீழ் வரும் வேலை. அடையாள அட்டைப் பிரதி, இடத்துக்கான உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், கிராம உத்தியோகத்தரின் அறிக்கை ஆகியவை கேட்கப்படும். சிக்கல் வருவது வீட்டுக்காரரால்தான். வாடகைக்கு விட்ட வீட்டில் வியாபாரம் பதிந்தால் வரி கூடும், ஆளை எழுப்ப முடியாது என்று பயந்து கையெழுத்துப் போட மறுப்பார்கள். ஒப்பந்தம் எழுதும்போதே "வீட்டோடு சேர்ந்த சிறு உணவுத் தயாரிப்புக்கு ஆட்சேபனை இல்லை" என்று ஒரு வரி போட்டுக்கொண்டால் பிறகு கெஞ்ச வேண்டியதில்லை. இன்னொன்று: பெயரைப் பதிந்துவிட்டதால் அது உங்கள் சொத்தாகிவிடாது. அதே பெயரைப் பக்கெட்டில் அடித்து வேறொருவர் விற்காமல் தடுக்க வேண்டுமென்றால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வர்த்தகக் குறியாகத் தனியே பதிய வேண்டும். 60 கிலோ விற்கும் கட்டத்தில் அதற்கு அவசரமில்லை. கடைகளுக்குப் போடத் தொடங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

உணவுப் பொருள் என்பதால் மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நாம் சொல்லும் பீஎச்ஐ, வந்து பார்ப்பார். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம்தான் அவர் கையில் இருப்பது. அவர் பார்ப்பவை பெரிய விடயங்கள் அல்ல: தூள் அரைக்கும் இடம் குளியலறைக் கதவுக்கு நேரே இருக்கிறதா, சன்னலுக்கு வலை உண்டா, மூட்டைகள் நிலத்தில் கிடக்கின்றனவா, பலகை மேல் இருக்கின்றனவா, வேலை செய்பவரின் தலைமுடி மூடியிருக்கிறதா. லேபலில் பொருளின் பெயர், தேறிய நிறை, சேர்மானங்கள், தயாரித்தவரின் பெயர் முகவரி, தயாரித்த திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம் இருக்க வேண்டும். பலர் விடுவது தொகுதி இலக்கத்தை. ஒரு பக்கெட்டில் பூச்சி என்று முறைப்பாடு வந்தால் அன்று அரைத்த 10 கிலோவை மட்டும் திருப்பி எடுக்க அந்த இலக்கம் வேண்டும். அது இல்லையென்றால் கடையில் இருக்கும் முழுவதையும் எடுக்க வேண்டிவரும்.

இவ்வளவும் கையில் இருக்கும்போது செயலகத்தில் சிறுதொழில் முயற்சிக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள். 2006ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய தொழில்முயற்சி அபிவிருத்தி அதிகார சபையின் பயிற்சிகளும் சந்தைகளும் அவர் வழியாகத்தான் பெரும்பாலும் தெரியவரும். இயந்திரம், பொதியிடல் பற்றிய தொழில்நுட்ப ஆலோசனைக்கு கட்டுபெத்தையில் இருக்கும் கைத்தொழில் அபிவிருத்திச் சபை பொருத்தம். அரைப்பவர் சான்றிதழ் இல்லாமல் பல வருடம் அதே வேலையைச் செய்தவராக இருந்தால், வகுப்புக்குப் போகாமல் முன்அனுபவத்தை மதிப்பிட்டு என்விகியூ எனும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறும் வழியும் உண்டு. நாரஹேன்பிட்டியில் தொழிற்பயிற்சி நிறுவனங்கள் இருக்கும் நிபுணதா பியச கட்டடத்தில் விசாரிக்கலாம்.

இனி மெஷின். வருட நடுவில் உத்தியோகத்தர்கள் அடுத்த வருடத் திட்டத்துக்குப் பெயர் எடுப்பார்கள். நொவம்பரில் வரவுசெலவுத் திட்டம், மார்ச் அளவில் ஒதுக்கீடு, டிசெம்பர் 31இல் செலவாகாத பணம் திரும்பிப் போய்விடும். ஒக்டோபரில் போய் "இந்த வருடம் ஏதாவது உண்டா" என்று கேட்பவருக்கு இல்லை என்ற பதில் வருவது இதனால்தான். ஜூனில் கேளுங்கள். கேட்கும்போது மெஷினின் வலுவையும் பார்த்துக் கேளுங்கள். கொழும்பில் வீட்டு மின் இணைப்பு பெரும்பாலும் ஒற்றைக் கட்டம், 30 அம்பியர். 3 குதிரைவலு மோட்டர் ஓடும்போது 14 அம்பியர் அளவுதான் எடுக்கும். ஆனால் தொடங்கும் கணத்தில் அதைப்போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். குளிர்சாதனப் பெட்டியும் தண்ணீர் பம்பும் ஓடும் நேரத்தில் சுவிட்சைப் போட்டால் டிரிப் ஆகும். 60, 70 கிலோவுக்கு 1 குதிரைவலு போதும். மாடிவீட்டில் இருக்கிறீர்கள் என்றால் அடியில் ரப்பர் தட்டு வைத்தாலும் கீழ்வீட்டுக்காரர் சத்தத்துக்கு வருவார் என்பதையும் கணக்கில் எடுங்கள். இலவசமாகக் கிடைக்கிறது என்று பெரியதை வாங்குவதுதான் பிறகு துணி போட்டு மூடுவதில் முடிகிறது.

கேள்வி: எங்கள் தோட்டக் குடியிருப்பில் 42 வீடுகள். நடு ஒழுங்கை மண், பக்கத்து வடிகான் உடைந்து கிடக்கிறது. சங்கம் பதிந்திருக்கிறோம். இந்த வேலையை வெளி ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் சங்கமே எடுத்துச் செய்யலாம் என்கிறார்கள். உண்மையா? எப்படி?
- சங்கச் செயலாளர், மட்டக்குளி

பதில்: உண்மை. 1984இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை நடத்திய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தோடு வளர்ந்த முறை இது. குடியிருப்பாளர்களின் அமைப்பே சிறிய கட்டுமானத்தை ஒப்பந்தமாக எடுக்கும். எவ்வளவு பெறுமதி வரை சங்கத்துக்கு நேரடியாகக் கொடுக்கலாம் என்பது சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறும். அதை முதல் சந்திப்பிலேயே செயலகத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டுவிடுங்கள். எல்லைக்கு மேலே போகும் வேலையென்றால் ஒழுங்கையை ஒரு வருடமும் கானை இன்னொரு வருடமும் என்று பிரிக்க முடியுமா என்று பாருங்கள். ஆனால் எல்லையைத் தாண்டாமல் காட்டுவதற்காக ஒரே வருடத்தில் ஒரே வேலையை இரண்டு துண்டாக்குவது கணக்காய்வில் பிடிபடும்.

கேட்கப்படும் கடதாசிகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: பதிவுச் சான்றிதழ், யாப்பு, அங்கத்தவர் பட்டியல், இந்த வேலையைச் செய்வதாகத் தீர்மானித்த கூட்டக் குறிப்பு, கூட்டுக் கையெழுத்துள்ள வங்கிக் கணக்கு. பெரும்பாலும் பிழை வருவது கூட்டக் குறிப்பில். "அபிவிருத்தி வேலை பற்றிப் பேசப்பட்டது" என்று எழுதினால் போதாது. எந்த ஒழுங்கை, எத்தனை அடி, யார் முன்மொழிந்தார், யார் ஆமோதித்தார் என்று இருக்க வேண்டும்.

ஒழுங்கை யாருடையது என்பதையும் முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். மாநகர சபையின் வீதி என்றால் அதன் எழுத்துமூல இணக்கம் வேண்டும். கான் கடைசியில் விழுவது ஒரு பெரிய கால்வாய் என்றால் அது இலங்கைக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பில் இருக்கும். தெருக் கான் மாநகர சபை, பெருங்கால்வாய் கூட்டுத்தாபனம் என்ற இந்தப் பிரிவு தெரியாமல் ஒரு கோப்பு மாதக்கணக்கில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நடக்கும்.

இனிக் கணக்கு. 100 அடி நீளம், 4 அடி அகலம், 4 அங்குலத் தடிப்பு என்று எடுத்துக்கொள்வோம். கொங்கிரீட் 133 கன அடி, அதாவது ஒன்றேகாலும் கொஞ்சமும் கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). சீமெந்து, மணல், சல்லி 1:2:4 என்ற கலவைக்கு 50 கிலோ சீமெந்து 24 பை, மணல் 0.6 கியூப், முக்கால் அங்குலச் சல்லி 1.2 கியூப். சேதாரத்துக்கு ஒரு பை கூட்டி 25 எடுங்கள். மணலும் சல்லியும் கியூப் கணக்கில் லொறியில் வரும்போது, ஒழுங்கைக்குள் லொறி போகாது என்பதை மதிப்பீட்டில் சேர்த்தீர்களா? பிரதான வீதியில் கொட்டி வண்டிலில் தள்ளும் கூலி, வேலைகளை அளவோடும் விலையோடும் எழுதும் அளவுப்பட்டியலில் தனி வரியாக இல்லையென்றால் அந்தக் காசு சங்கத்தின் தலையில் விழும். சங்கங்கள் நட்டப்படுவதற்கு முக்கிய காரணம் இதுதான், சீமெந்து விலை அல்ல.

தண்ணீர் பைக்கு 25 முதல் 28 லீற்றர். கலவை இறுக்கமாக இருக்கிறது என்று மேசன் இன்னொரு வாளி ஊற்றுவார். தள்ளச் சுகமாக இருக்கும், அடுத்த மழைக்காலத்தில் மேற்பரப்பு தூளாகக் கிளம்பும். வாளிக்கு அடையாளக் கோடு போட்டு, ஊற்றுவதற்கு ஒரே ஆளை வையுங்கள். 8 முதல் 10 அடிக்கு ஒரு மூட்டு விடுங்கள். மூட்டு விடாத ஒழுங்கை தானே தனக்குப் பிடித்த இடத்தில் வெடித்து மூட்டு போட்டுக்கொள்ளும், அது பெரும்பாலும் யாருடையாவது வாசலுக்கு நேராகத்தான் இருக்கும். ஒன்றுவிட்டொரு கட்டமாக ஊற்றினால் ஆட்கள் நடுவில் உள்ள மண்ணில் கால் வைத்துத் தாண்டிப் போகலாம். மூடிய முனையில் தொடங்கி வீதிப் பக்கம் வர வேண்டும், இல்லாவிட்டால் நேற்று ஊற்றியதன் மேலேயே இன்று வண்டில் ஓடும். ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு நனையுங்கள். சாக்கு காயாமல் பார்க்கும் வேலையை அந்தந்த வாசலுக்குரிய வீட்டாரிடம் விட்டால் ஒழுங்காக நடக்கும்.

இதைவிடப் பெரிய பிழை மட்டத்தில் வருவது. பழைய ஒழுங்கைக்கு மேலேயே 4 அங்குலம் ஊற்றினால் ஒழுங்கை வாசற்படிக்கு மேலே வந்துவிடும், முதல் மழைக்கே வீட்டுக்குள் தண்ணீர் போகும். கொழும்பில் மழைத் தண்ணீர் புகும் எத்தனையோ வீடுகள் ஒழுங்கை "திருத்தப்பட்ட" வீடுகள். ஆகவே தோண்ட வேண்டும். அடிமண்ணை இடித்து இறுக்கி, அதன் மேல் பொலித்தீன் விரித்து ஊற்றுங்கள். தோண்டும்போது வீட்டு நீர்க்குழாய்கள் அரை அடி ஆழத்திலேயே குறுக்கே கிடக்கும். குறுக்கே போகும் ஒவ்வொன்றையும் பெரிய பீவீசி உறைக்குள் விட்டால் பிறகு குழாய் மாற்றும்போது ஒழுங்கையை உடைக்க வேண்டியதில்லை. 4 அடி அகலத்துக்கு ஓர் அங்குலம் கான் பக்கம் சரிவு போதும். கான் நெடுக 100 அடிக்கு ஓர் அடி சரிவு. முதலில் கானின் வெளிவாய் மட்டத்தை அளந்து அங்கிருந்து பின்னோக்கி மட்டம் எடுங்கள். கால்வாய் நீர்மட்டம் கூடிய நாட்களில் வெளிவாய் மூழ்குமென்றால் என்ன சரிவு கொடுத்தும் பயனில்லை, அதைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

கான் மூடி ஒன்றரை அடிச் சதுரம், 3 அங்குலத் தடிப்பு என்று வார்த்தால் ஒன்று ஏறத்தாழ 38 கிலோ. இருவர் தூக்கலாம். நீளமான பலகையாக வார்த்தால் அழகாக இருக்கும், ஆனால் கான் அடைத்த நாளில் ஒருவரும் தூக்க மாட்டார்கள்.

பணம் ஒரே தடவையில் வராது. அளந்த வேலைக்குத்தான் கட்டணம், அதிலும் ஒரு பங்கு, வேலையில் பிழை தெரிந்தால் நீங்களே திருத்திக்கொடுக்க வேண்டிய குறைபாட்டுக் காலம் முடியும்வரை நிறுத்தி வைக்கப்படும். மூடப்படப் போகும் எதையும் மூடுமுன் உத்தியோகத்தரைக் கூப்பிட்டு அளவுக் குறிப்பேட்டில் பதியச் செய்யுங்கள். அவர் வர முடியாத நாளென்றால் அளவு நாடா தெரியப் படம் எடுத்து அன்றே அனுப்பிவிட்டு வேலையைத் தொடருங்கள். பற்றுச்சீட்டு இல்லாத செலவு செலவல்ல. கையால் எழுதிய கூலிச் சீட்டில் பெயர், அடையாள அட்டை இலக்கம், நாள், தொகை, கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும்.

கேள்வி: அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவில் எங்கள் பெயர் வரவில்லை. எங்களைவிட வசதியான வீட்டுக்குக் கிடைத்திருக்கிறது. மேன்முறையீடு செய்வதா, ஆட்சேபனை செய்வதா?
- வாசகர், கொழும்பு 13

பதில்: இரண்டும் வேறு. உங்களை விட்டுவிட்டார்கள் அல்லது குறைந்த பிரிவில் போட்டார்கள் என்றால் மேன்முறையீடு. தகுதியில்லாத ஒருவருக்குக் கிடைத்திருக்கிறது என்றால் ஆட்சேபனை. பக்கத்து வீட்டைப் பற்றி எழுதியதால் உங்கள் புள்ளி உயராது, ஆகவே முதலில் உங்களுடையதைப் பாருங்கள்.

2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ், கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பம் அளக்கப்படுகிறது. 2023 ஜூலையில் தொடங்கியபோது பிரிவுக்கேற்ப மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய். 2025 ஜனவரியில் வறியோருக்கு 10,000 ஆகவும், மிக வறியோருக்கு 17,500 ஆகவும் கூட்டப்பட்டது.

கொழும்புத் தோட்டங்களில் வழக்கமாக மூன்று இடத்தில் பிழை வருகிறது. ஒரே மீற்றரில் மூன்று குடும்பம் இருக்கும்போது முழு மின் பாவனையும் பட்டியல் பெயருக்குரிய வீட்டின் மேல் விழும். லீசிங்கில் எடுத்த முச்சக்கரவண்டி முழுச் சொத்தாகப் பதிவாகும். திருமணமாகித் தனியே சமைக்கும் மகன் அதே குடும்பத்தில் எண்ணப்படுவார். மேன்முறையீட்டில் "நாங்கள் மிகவும் ஏழைகள்" என்று எழுதுவதால் ஒன்றும் மாறாது. எந்தத் தகவல் தவறாகப் பதிந்தது, சரியானது என்ன, அதற்கு ஆதாரம் எது என்று எழுதுங்கள்: மற்றக் குடும்பங்களின் கிராம உத்தியோகத்தர் கடிதம், லீசிங் மீதிக் கூற்று, மருத்துவ அட்டை. செயலகத்தின் நலன்புரிப் பிரிவில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம்.

கேள்வி: அரச அலுவலகத்திலிருந்து வரும் கடிதங்கள் சிங்களத்தில் மட்டும் வருகின்றன. பதில் தமிழில் எழுதலாமா?
- பெயர் வேண்டாம்

பதில்: எழுதலாம், தமிழில் பதிலும் கேட்கலாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது. கடிதத்தின் முதல் வரியிலேயே "இதற்கான பதிலைத் தமிழில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று போடுங்கள். அப்படியும் வராவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். நடைமுறைக்கு ஒன்று: தவணைத் திகதி உள்ள கடிதம் என்றால் மொழிபெயர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் பதிலைத் தவணைக்குள் கொடுத்துவிடுங்கள். உரிமைக்கான சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் பக்கத்துச் சமூக மண்டபத் திருத்தத்துக்குப் பணம் வந்து முடிந்துவிட்டதாம். கூரை இன்னும் ஒழுகுகிறது. கணக்குக் கேட்டால் யாரும் சொல்லவில்லை.
- பெயர், இடம் வேண்டாம்

பதில்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குத்தான். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டால் தகவல் உத்தியோகத்தரே எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ அதே அலுவலகத்தில் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அவருக்கு மூன்று வாரம். அதற்கும் பலனில்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு.

"ஏன் ஊழல் நடந்தது?" என்று கேட்டால் பதில் வராது. அது தகவல் அல்ல, குற்றச்சாட்டு. அலுவலகத்தின் கையில் இருக்கும் ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: மதிப்பீடு, அளவுப்பட்டியல், ஒப்பந்தம், அளவுக் குறிப்பேட்டின் உரிய பக்கங்கள், கொடுப்பனவு வவுச்சர்கள், வேலை முடிவுச் சான்றிதழ். அளவுக் குறிப்பேட்டில் கூரைத் தகடு எத்தனை சதுர அடி என்று இருக்கும். அதை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய் நாடா பிடியுங்கள்.

கேள்வி: சமுர்த்தி வங்கியில் கடன் எடுப்பதா, வீட்டுக்கு வந்து காசு வாங்கும் கம்பனியிலா? இருவரும் 12 வீதம் என்கிறார்கள்.
- வாசகி, கிராண்ட்பாஸ்

பதில்: வீதத்தைக் கேட்காதீர்கள், மாதத் தவணையைக் கேளுங்கள். ஒரு இலட்சம், 12 மாதம். குறைந்துசெல்லும் மீதிக்கு 12 வீதம் என்றால் மாதம் ஏறத்தாழ 8,885 ரூபாய், மொத்த வட்டி 6,619. முழுத் தொகைக்கும் வருடம் முழுக்க 12 வீதம் என்றால் மாதம் 9,333, மொத்த வட்டி 12,000. சொல்லும் வீதம் ஒன்று, கொடுக்கும் வட்டி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எந்த இடமானாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முதலிலேயே கழிப்பது எவ்வளவு என்றும் கேளுங்கள்.

சமுர்த்தியில் ஐவர் கொண்ட சிறு குழு முறை இருக்கிறது. ஒருவர் தவணை தவறினால் மற்ற நால்வர் மேலும் சுமை வரும். ஆகவே குழுவில் சேருமுன் அந்த நால்வரும் வெளியே என்ன கடன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். வெளி நிறுவனத்தில் யாருக்காவது பிணை நிற்பதற்கும் இதையே பாருங்கள். அவர் கட்டாமல் விட்டால், ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் வைத்திருக்கும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் அது உங்கள் பெயரிலும் தெரியும். பிறகு வங்கியில் தொழிற்கடன் கேட்கும்போது முதலில் எடுத்துப் பார்ப்பது அந்த அறிக்கையைத்தான்.